சிவப்புச் சட்டை அண்ணன்

நகரத்தில் கணபதி என்ற பகுதியில் நான் பிழைதிருத்தும் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்துக்கு அந்தப் புத்தகங்கள் பாதி அச்சான நிலையில்தான் வரும். படங்களை வெளிநாட்டில் எங்கோ வண்ணத்தில் அடித்துவிடுவார்கள். பெரிய பெரிய தாள்களாக அவை லாரியில் வந்து இறங்கும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வெள்ளைக் கட்டம் காலியாக விடப்பட்டிருக்கும். எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர் மொழியை அங்கே போட்டுக்கொள்ளலாம். எங்கள் மிஷினில் கறுப்பு மையை மட்டும் ஓட்டி, அந்தக் கட்டங்களில் தமிழை ஏற்றுவோம். மடித்து, நடுவில் பின் அடித்து, ஓரத்தை வெட்டினால் குழந்தைகளுக்கான கிறிஸ்தவ நீதிப் புத்தகம் ஒன்று தயாராகிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் அப்போதுதான் கல்லூரியை முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலேயோ என்னவோ, அச்சில் வருகிற எதையும் லேசில் நம்புவதில்லை என்று ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். படித்தவன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகங்கள் மேல் முதல் நாளே எனக்குச் சந்தேகம். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கவே ஒரு வாரம் யோசிக்கிற வீட்டிலிருந்து வந்தவன் நான். எச்சில் விரலால் புரட்டிக் கிழிக்கப்போகிற குழந்தைக்கு இவ்வளவு வழவழப்பான தாள் எதற்கு? அதையும் கிட்டத்தட்ட சும்மா கொடுப்பதுபோல எதற்குக் கொடுக்கிறார்கள்? எழுத்துப் பிழை பார்க்கிற சாக்கில் படங்களைத் துருவித் துருவிப் பார்த்தேன். மர நிழலில், வேலிப்படலில், வீட்டு ஜன்னலில் எங்காவது சிலுவையை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். ஒரு நாள் முதலாளியிடம் போய், ஏழாம் பக்கத்து ஜன்னலில் இரண்டு கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அப்படிப் பாத்தா என்ற ஊட்டு ஜன்னலெல்லாம் எப்பவோ மதம் மாறிப்போச்சுப்பா. போய் வேலையப் பாரு" என்றார்.

கதைகள் எல்லாம் ஒரே வார்ப்பு. பொய் சொன்ன பையன் பள்ளத்தில் விழுவான். அம்மா பேச்சைக் கேட்காத பெண்ணை நாய் துரத்தும். கெட்ட பிள்ளைக்கு எப்போதும் தலை கலைந்திருக்கும்; நல்ல பிள்ளைக்கு வகிடு நேராக இருக்கும். தப்புச் செய்து நாலாவது பக்கத்துக்குள் தண்டனை வந்துவிடும். எங்கள் ஊரில் தப்புச் செய்தவர்கள் நாற்பது வருஷமாக நன்றாக இருப்பதைப் பார்த்த எனக்கு, அந்த வேகமே நம்பும்படியாக இல்லை.

புத்தகங்களை அச்சுக்குக் கொண்டுவருபவர் ஒரு வயதான அம்மா. வெள்ளைப் புடவை, கையில் குடை, துணிப்பைக்குள் ஆங்கில மூலம் தட்டச்சு செய்த தாள்கள். சின்னதாக ஒரு வெளியீட்டகம் நடத்தினார். அவரிடம் இருந்த தமிழ் பிரசங்கத் தமிழாக இருந்ததால், பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி கொஞ்சம் எளிமையாக எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். நான் படங்களை முறைத்துப் பார்ப்பதை அவரும் கவனித்திருந்தார்.

"தம்பி, என்னத்தத் தேடறீங்க?"

"எழுத்துப் பிழைங்க."

"எழுத்தே இன்னும் ஏறலையே. வெறும் படத்துல என்ன பிழை?" என்று சிரித்தார். "பயப்படாதீங்க. இந்தக் கதையில ஆண்டவர் கடைசிப் பக்கத்துலதான் வாராரு. அதும் பேரு மட்டும் வருது, ஆளு வரலை."

அவர் சொன்ன அந்தக் கதை, ஒரு பழ மரத்தைப் பற்றியது. மொத்தம் பன்னிரண்டு பக்கம். சிவப்புச் சட்டை போட்ட அண்ணன் தினமும் தண்ணீர் ஊற்றி ஒரு மரத்தை வளர்க்கிறான். மரம் காய்த்துத் தொங்குகிறது. ஒரு நாள் தம்பி வருகிறான். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. எனக்கும் பழம் கொடு என்கிறான். "நான் தண்ணீர் ஊற்றினேன், மரம் என்னுடையது" என்கிறான் அண்ணன். பழங்கள் உதிர்ந்து அழுகுகின்றன. பறவைகூட வருவதில்லை. கடைசியில் அண்ணன் மனம் வருந்தி, கூடையில் சரிபாதியை எடுத்துத் தம்பியிடம் நீட்டுகிறான். பகிர்ந்து கொடுப்பவனை ஆண்டவர் விரும்புகிறார் என்று முடிகிறது.

நான்தான் அதைத் தமிழில் எழுதினேன். ஆப்பிள் மரத்தை மாமரம் ஆக்கினேன். படத்தில் பழம் சிவப்பாக இருந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. கட்டத்துக்குள் எழுத்து சரியாக நிறைய வேண்டும். கூடினால் கடைசி வரி படத்தின் மேல் ஏறிவிடும், குறைந்தால் கட்டம் பல் விழுந்த வாய்போலத் தெரியும். அதற்கேற்ப ஒரு சொல்லைச் சேர்ப்பேன், ஒரு சொல்லை எடுப்பேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அச்சாகி முடிந்ததும் அந்த அம்மா ஐந்தாறு பிரதிகளை என் கையில் கொடுத்தார். "ஊட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தாக் குடுங்க. புரியுதான்னு எனக்கு வந்து சொல்லோணும்" என்றார். அவற்றில் எதை ஊருக்கு எடுத்துப்போவது என்று அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தேன். ஜெபம் வருவதை ஒதுக்கினேன். தேவதூதர் வருவதை ஒதுக்கினேன். சர்ச் மணிக்கூண்டு தெரிகிற ஒன்றையும் ஒதுக்கினேன். மீந்தது மரத்துக் கதை. இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது என்று அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே. ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு, அதில் ஒரு கிணறு. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தோப்பு அப்பா பெயரிலேயே கிடந்தது. அண்ணன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மண்ணெடுத்துக் குழி போட்டதிலிருந்து அந்த மரங்கள் எல்லாமே அவர் கையால் வளர்ந்தவை. நான் படித்த செலவும் அந்தத் தேங்காயிலிருந்து வந்ததுதான். பிரித்துக்கொள்வது பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வாசலில் அண்ணன் நட்டுவைத்த கடப்பாரையில் குத்தித் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை எடுத்ததுமே நங்கைக்கு, அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், முகம் மாறியது.

"ஏனுங்க தம்பி, அல்லேலூயாப் புஸ்தகமுங்களா? புள்ளையக் கிள்ளையக் கூட்டிட்டுப் போயிறப் போறாங்க."

"இல்லீங்க நங்கை. சும்மா நீதிக் கதை. நான் நாலு தடவை பாத்துட்டேன்."

அண்ணன் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. புத்தகத்தை வாங்கி முதலில் மோந்து பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நின்றுகொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். தேங்காய் உரிக்கிற சத்தம் அவள் குரலோடு கூடவே போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் நின்றது.

"மறுக்கா படி கண்ணு" என்றார் அண்ணன்.

"பட்டணத்துக்குப் படிக்கப் போன தம்பி ஒரு நாள் திரும்பி வந்தான். எனக்கும் கொடு என்று கேட்டான்."

"செவப்புச் சட்டை யாரு?"

"அதுதானுங்கப்பா அண்ணன். தண்ணி ஊத்துறவன்."

"தம்பி?"

"பையி மாட்டியிருக்கறானே, அவன்."

என் ஜோல்னாப் பை அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மிச்சத்தையும் படி" என்றார். அவள் கூடை நீட்டுகிற பக்கம்வரை படித்தாள். சரிபாதி என்ற சொல் வந்தபோது நங்கை உள்ளே போய்விட்டார். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு தோப்புக்குள் போனார். சாப்பிட வரவில்லை.

வழக்கமாக நான் கிளம்பும்போது மொபெட்டில் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விடுவார். அன்றைக்கு வண்டி வாசலிலேயே நின்றது. சாவியைக் காணோம் என்றார் நங்கை. சாவி வண்டியிலேயே தொங்கியது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

என்ன நடந்தது என்று எனக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. சிலுவைக்குப் பயந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். எங்கள் வீட்டையே அதில் பார்த்துவிடுவார்கள் என்று தோன்றவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அச்சகத்துக்கே வந்துவிட்டார். "உங்கண்ணன் வரச்சொன்னான். ஞாயித்துக்கெழமை பேசி முடிச்சுப்போடலாம்" என்றார். எதைப் பேசி முடிப்பது என்று நான் கேட்டதற்கு, "தெரியாத மாதிரி கேக்கறே பாரு, அதுதான் படிப்பு" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கட்டிலில் மாமா. கீழே அம்மா. கதவுக்குப் பின்னால் நங்கை. அண்ணன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். மாமா படிக்கத் தெரியாதவர். ஒவ்வொரு படமாக, போலீஸ்காரர் தடயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மரம் நம்முளுது மாதிரி இல்லியே" என்றார்.

"மரத்தை மாத்திப்போட்டா ஆளு தெரியாதுங்களா மாமா?" என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தார். "கேக்கறதுன்னா வாயத் தொறந்து கேக்கோணும். என்ற புள்ளைய நிக்க வெச்சு, என்ற காதுக்குப் படிக்கச் சொல்லி கேக்கறது என்ன பழக்கம்?"

"அண்ணா, சத்தியமா இல்லீங்க. இது எல்லாப் புள்ளைங்களுக்கும் அடிக்கற புஸ்தகமுங்க."

"எங்க அடிக்கறாங்க?" என்றார் மாமா.

"எங்க பிரஸ்ஸுலதானுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து நங்கையின் குரல் வந்தது, மிக மரியாதையாக. "தமிழு யாரு எழுதுனதுங்க தம்பி?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "நாந்தானுங்க" என்றேன்.

மாமா புத்தகத்தை மூடித் தொடையில் தட்டினார். "ஆயிரக்கணக்குல வேற அடிச்சுப்போட்டானப்பா. ஊரெல்லாம் நம்ம ஊட்டுக் கதை."

"நான் கதையை எழுதலீங்க மாமா. இங்கிலீசுல இருந்துது. அடுத்த வாரம் அந்தத் தாளைக் கொண்டாந்து காட்டறேன்."

"கொண்டாந்து?" என்றார் அண்ணன். "இங்கிலீசை எங்களுக்கு யாரு படிச்சுச் சொல்லுவா? நீதானே. நீ சொல்றதுதானே அதுல இருக்கும்."

அம்மாதான் பேசினார், பேசாமல் இருந்திருக்கலாம். "அவங் கேட்டாத்தான் என்ன தப்பு? அவனும் எனக்குப் பொறந்தவந்தானே" என்றார். அதைக் கேட்டதும் அண்ணனுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அம்மாவும் நானும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று அவர் முகமே சொன்னது.

மறுநாள் அச்சகத்தில் அந்தக் கதையின் கோப்பைத் தேடி எடுத்தேன். யாருக்கும் காட்ட முடியாவிட்டாலும் எனக்காவது காட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்துக்கான ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. தம்பி வந்தான், பழம் கேட்டான். அவ்வளவுதான். எங்கிருந்து வந்தான் என்று இல்லை. பட்டணம் இல்லை. படிப்பு இல்லை.

அந்தச் சொற்கள் என்னுடையவை. கட்டத்தில் ஒரு வரி காலியாக நின்றிருக்கும், நிரப்புவதற்காகப் போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். அளவுகோலை எடுத்து அளந்தும் பார்த்தேன். அந்தச் சொற்கள் இல்லாமலும் கட்டம் ஓரளவு நிறைந்துதான் இருந்தது. அப்படியானால் ஏன் போட்டேன்? மற்ற புத்தகங்களை எல்லாம் கழித்துவிட்டு இதை மட்டும் ஊருக்குக் கொண்டுபோனதும் சிலுவைக்குப் பயந்துதானா? அதுவரை மற்றவர்கள் எழுதியதைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். என் கையெழுத்தில் இருந்த அந்த வரியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெள்ளைப் புடவை அம்மா வந்தபோது, மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் பாத்தேன் தம்பி. நல்லாத்தானே இருந்துச்சு, நம்மூர்ல நடக்கற மாதிரி. அதனாலதான் உட்டுட்டேன்" என்றார். ஆங்கிலத் தாளை நான் ஊருக்கு எடுத்துப் போகவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் தோப்பைப் பிரித்துவிட்டார். எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரித்தவருக்கு மிச்சம்தான் என்பதால் யாரும் ஏமாற்ற முடியாது. நான் போனபோது எல்லையோர மரங்களில் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடித்திருந்தார். மேல் பாதி ரோட்டை ஒட்டியது. வறண்ட மண், அண்ணன் முதன்முதலில் வைத்த மரங்கள். கீழ்ப் பாதியில் கிணறும் இளம் மரங்களும். அகலத்தை மேலே கூட்டி, கீழே குறைத்து, நேர்மையாகத்தான் பிரித்திருந்தார்.

"எடுத்துக்க" என்றார்.

"எனக்கு எதும் வேண்டாமுங்கண்ணா."

நங்கை மாமாவைப் பார்த்தார். "பிரிச்சது புடிக்கலையாட்டங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கோடு போடோணுமாட்ட இருக்குது."

வேண்டாம் என்பதற்கு அப்படி ஒரு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. மோசமானதை எடுத்தால் நம்புவார்கள் என்று நினைத்து, "சரிங்க, மேல்புறம்" என்றேன்.

"ரோட்டோரம்" என்றார் அண்ணன், தனக்குள் சொல்வதுபோல.

"சைட் கீட் போடறாங்கன்னு டவுனுல ஏதாச்சும் பேச்சு அடிபடுதா?" என்று மாமா என் அருகில் வந்து கேட்டார். "படிச்சவங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருமல்ல."

"அப்ப கீழ்புறமே இருக்கட்டுங்க மாமா."

"ஓ, கெணத்தக் கேக்கறியா?"

கடைசியில் மேல்புறமே என்று ஆயிற்று. கிணறு இருவருக்கும் பொது. நான் எதைத் தொட்டாலும் அதற்குக் கீழே ஒரு குழி இருப்பதாக அவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

பதிவுக்குப் பொள்ளாச்சி ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போனோம். அண்ணன் தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். பள்ளிக்கூடச் சீருடையில், எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய சடையோடு நின்றாள்.

"பள்ளிக்கூடம் இல்லியா கண்ணு?" என்றேன்.

"அப்பா லீவு போடச் சொன்னாங்க சித்தப்பா."

ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. பத்திர எழுத்தர் வேப்பமரத்தடியில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் கடகடவென்று பத்திரத்தைப் படித்து முடித்தார். அம்மா தன் பாகம் வேண்டாம் என்பதற்குக் கட்டைவிரலில் மை வைத்தார். பேனாவை அண்ணனிடம் நீட்டினார் எழுத்தர். அண்ணன் வாங்கவில்லை.

"நீ ஒருக்கா படி" என்றார் என்னிடம். நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தனைக்கும் பிறகு என்னைத்தான் படிக்கச் சொல்கிறார் என்று அவசரமாகப் பத்திரத்தை வாங்கினேன். அடுத்த நொடி அவர் மகளை என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். "சித்தப்பா படிக்கப் படிக்க நீ விரல வெச்சுட்டே வா கண்ணு. சொல்றதும் போட்டிருக்கறதும் ஒண்ணா இருக்குதான்னு பாத்துக்க."

நான் படித்தேன். அவள் விரல் என் குரலுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. சர்வே எண், நான்கெல்லை, கிணறு, மரங்கள். இரண்டாம் தாள் முடிந்து மூன்றாம் தாளைப் புரட்டினேன். படித்துக்கொண்டே போனேன். விரல் வரவில்லை.

"சித்தப்பா, மேல ஒரு வரிய உட்டுட்டீங்க."

எழுத்தர் எட்டிப் பார்த்தார். மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். நான் பார்த்தேன். விட்டிருந்தேன். தாளின் முதல் வரி. கீழ்ப் பாதிக்காரர் ரோட்டுக்குப் போக, மேல் பாதியின் வடபுறமாக எட்டடி அகலத்தில் வண்டித்தடம் உண்டு என்கிற வரி. அந்தத் தடம் இல்லையென்றால் அண்ணனின் தேங்காய் தோப்பை விட்டு வெளியே வராது.

"கண்ணு தவறிப்போச்சுங்கண்ணா" என்றேன். உண்மையில் அப்படித்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். தாளைப் புரட்டும்போது கண் முதல் வரியைத் தாண்டுவது பிழைதிருத்துபவர்கள் எல்லோருக்கும் நடப்பது. ஆனால் அந்த ஐந்தாம் பக்கத்துக்குப் பிறகு இதையெல்லாம் என்னாலேயே அழுத்திச் சொல்ல முடியவில்லை. அந்த வரியை மூன்று தடவை சத்தமாகப் படித்தேன்.

அண்ணன் பத்திரத்தை என் கையிலிருந்து எடுத்து மகள் மடியில் வைத்தார்.

"மொதல்ல இருந்து நீ படி, அம்மணி."

எழுத்தருக்கு எரிச்சல். "ஏனுங்க கவுண்டரே, மூணு மணிக்கு ஆபீஸர் எந்திரிச்சுருவாருங்க. புள்ளைய வெச்சுட்டு..."

"எந்திரிச்சா நாளைக்கு வாரோம்" என்றார் அண்ணன்.

அவள் படித்தாள். பத்திரத் தமிழ் அவளுக்குப் பல்லில் மாட்டியது. ஏகபோக உரிமை என்ற இடத்தில் நின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மெல்லச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் என் வாயைப் பார்த்தார். பிறகு அவளிடம், "அப்படித்தான் போட்டிருக்குதா?" என்று கேட்டார்.

அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். "ஆமாங்கப்பா. அப்படித்தான் இருக்குது."

போகவர பாத்தியம் என்ற இடத்தில் மறுபடி நின்றாள். நான் சொன்னேன். அண்ணன் கேட்டார். அவள் விரல் வைத்துப் பார்த்தாள். நான்கு தாள்களும் அப்படித்தான் போயின. அவள் ஆமாம் என்று சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போக அவர் விடவில்லை.